நேரு பிளேஸில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யுமுன்

டெல்லி நேரு பிளேஸில் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கேட்ட மாடல் இல்லாதபோது, “அதே மாதிரிதான், சார்” என்று கையிருப்பைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். எல்லாவற்றுக்கும் மல்லுக்கட்ட வேண்டாம். எஸ்எஸ்டி, கீபோர்டைப் பின்னால் மாற்றுவது எளிது. மதர்போர்டில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 2016இல் வந்த ஏஎம்4 என்ற பிராசஸர் சாக்கெட்டுக்கு 2024இலும் புது பிராசஸர் வெளியானது. ஆனால் ஏஎம்4 போர்டில் டிடிஆர்5 ரேம் ஏறாது. 2022இல் வந்த ஏஎம்5இலோ டிடிஆர்4 ஏறாது. நாளைக்கு நீங்கள் எதை வாங்க முடியும் என்பதை இன்றைய போர்டுதான் தீர்மானிக்கிறது. ஆன்லைனில் எல்லாமே கிடைக்குமே என்பார்கள். கிடைக்கும்தான், இறக்குமதிச் சரக்குக்கு இந்தியாவில் வாரண்டி உண்டா என்று முதலில் பாருங்கள். கடையில் வாங்கினால், போர்டு, பவர் சப்ளை இரண்டின் மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் ஜிஎஸ்டி பில்லில் எழுதி வாங்குங்கள். “காம்போ” என்று ஒற்றை வரியில் போட்ட பில் வாரண்டிக்கு உதவாது.