இணையக் கடையும் எளிமையும்

சந்தைக்குச் சென்ற ஒருவர் கத்தரிக்காயை நிறுக்கச் செய்து, பையிலிட்டு, காசையும் கையிலெடுத்துவிட்டார். அவ்வேளையிற் கடைக்காரர், "ஐயா, முதலில் உங்கள் பெயர், விலாசம், பிறந்த திகதி ஆகியவற்றை இக்கொப்பியிற் பதிந்து, இரகசியச் சொல்லொன்றையும் எழுதுங்கள், பின்னரே காசு வாங்குவேன்" என்பாராயின் யாது நிகழும்? கத்தரிக்காயைத் தட்டிலே கொட்டிவிட்டு அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். நேரிலே எவரும் செய்யத் துணியாத இதனை இணையக் கடைகள் பல நாடோறும் செய்துவருகின்றன. நம் கல்லூரியின் பழைய மாணவருட் சிலர் பனங்கட்டி, ஒடியல் மா, மிளகாய்த்தூள் முதலியவற்றை இணைய வழியாகக் கடல்கடந்து விற்க முனைந்துள்ளனர். இன்று வகுப்பிலிருக்கும் மாணவரும் நாளை அவ்வழியிற் செல்லக்கூடும். ஆதலின் இப்பொருள் பற்றிச் சில கூறப் புகுந்தோம்.

எளிமை என்று நாம் இங்கு கூறுவது வறுமையை அன்று. பொருள் யாது, அதன் விலை என்ன, அனுப்பும் கூலி எவ்வளவு, எப்போது வந்து சேரும், பிடிக்காவிடின் திருப்பிக் கொடுக்கலாமா என்னும் வினாக்களுக்கு விடை கூறி, வாங்கும் வழியையும் காட்டுவது விற்பனைப் பக்கத்தின் கடமை. இதற்கு உதவாத யாவும், அழகாயினும், வழியிற் கிடக்கும் கற்களே.

இவ்வுண்மையைப் பெருஞ்செலவிற் கற்பித்துச் சென்ற கடையொன்று உண்டு. இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்டு, சுவீடன் நாட்டவரான ஏர்ன்ஸ்ற் மால்ம்ஸ்ரென், கஜ்சா லியாண்டர் முதலியோர் தொடங்கிய 'பூ டொட் கொம்' என்பதே அது. (பெயரிலே பூ இருந்தும் அது காய்க்கவில்லை.) நாகரிக உடைகளை விற்கும் அக்கடை 1999 நவம்பரிற் பல நாடுகளில் ஒருங்கே திறக்கப்பட்டது. உடைகளைச் சுழற்றிப் பார்க்கும் படங்களும், வாங்குவோரோடு உரையாடும் 'மிஸ் பூ' என்னும் சித்திரப் பெண்ணும் அதன் சிறப்புகள். ஆயின் அக்காலத்தே பெரும்பாலான வீடுகளிலே தொலைபேசிக் கம்பி வழியாகவே இணையம் வந்தது. அக்கம்பியின் சிறு வேகத்துக்கு அப்பாரமான பக்கங்கள் இறங்கி வருவதற்குள் வாங்க வந்தவரின் பொறுமை இறந்துவிட்டது. 2000 மே மாதத்திற் கடை மூடப்பட்டபோது செலவானது 13 கோடி டொலருக்கு மேல் என்பர். மட்டற்ற ஆடம்பரச் செலவும் பல நாடுகளில் ஒரே நாளிற் கால்வைத்தமையும் அவ்வீழ்ச்சிக்குக் காரணமாயின என்பதை மறைத்தல் நேர்மையாகாது. எனினும், பக்கம் திறக்காத கடையிலே எவர்தாம் வாங்குவர்?

இனி, ஒரு பொத்தானின் கதையைச் சற்று விரித்துக் கூற விரும்புகின்றோம். இணையத்தளங்களின் பயன்பாட்டை ஆராயும் ஜாரெட் ஸ்பூல் என்பார் 2009 ஆம் ஆண்டில் அதனை எழுதினார். பெரிய இணையக் கடையொன்றிலே, பொருள்களைக் கூடையிலிட்ட பின்னர், பணம் கொடுப்பதற்கு முன்னர், சிறு படிவமொன்று தோன்றும். மின்னஞ்சல் முகவரிக்கு ஓரிடம், கடவுச்சொல்லுக்கு ஓரிடம், 'உள்நுழைக', 'பதிவு செய்க' என இரு பொத்தான்கள்; இவ்வளவே. அதனை அமைத்தோர், அடிக்கடி வருவோருக்கு அது வசதி என எண்ணினர். வாங்குவோரை அருகிருந்து கவனித்தபோது வேறொன்று புலனாயிற்று. புதியவர், "வாங்கத்தானே வந்தோம், உறவு கொண்டாட வந்தோமில்லை" என்னும் பாங்கில் முகஞ்சுளித்தனர். பழையவரோ, எம்முகவரியாற் பதிந்தோம், எச்சொல்லைக் கொடுத்தோம் என்பதை மறந்து தடுமாறினர். கடையின் ஏடுகளை ஆராய்ந்தபோது வாடிக்கையாளரில் 45 சதவீதத்தினர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பதிந்திருந்தமை தெரிந்தது. கடவுச்சொல்லை மறந்து கேட்டோர் நாளொன்றுக்கு 160,000 வரையிலாயினர். அவர்களுள் முக்காற் பங்கினர் பின்னர் வாங்க முயலவேயில்லை.

செய்த திருத்தம் மிகச் சிறிது. 'பதிவு செய்க' என்பதை நீக்கி, 'தொடர்க' என்னும் பொத்தானை வைத்து, வாங்குவதற்குக் கணக்குத் திறக்க வேண்டியதில்லை என்றொரு வாசகத்தையும் சேர்த்தனர். வாங்கி முடித்தோர் தொகை 45 சதவீதத்தால் உயர்ந்தது. முதலாண்டில் விற்பனை 30 கோடி டொலரால் மிகுந்தது என ஸ்பூல் கூறுகின்றார். அத்துணைப் பெரிய தொகை பெருங்கடைக்கே உரியது. நம்மவர் அதனை நம்பிக் கனாக் காணவேண்டா.

இதனோடொத்த மற்றொன்று, பயணச் சீட்டு விற்கும் எக்ஸ்பீடியா நிறுவனத்தார் 2010 இல் வெளியிட்டது. அவர்தம் படிவத்திலே பெயருக்குக் கீழே 'கம்பனி' என்றோர் இடமிருந்தது. அதனை நிரப்பவேண்டும் என்னும் கட்டாயமுமில்லை. ஆயினும் சிலர் அதனைத் தம் கடனட்டையை வழங்கிய வங்கி எனக் கருதி வங்கியின் பெயரை எழுதினர். எழுதியதனால், விலாசத்துக்குரிய இடத்தில் வங்கியின் விலாசத்தையே எழுதினர். அட்டைக்குரியவரின் விலாசத்தோடு அது பொருந்தாமையாற் பணம் மறுக்கப்பட்டது. அந்த ஓரிடத்தை நீக்கியதனால் ஆண்டொன்றுக்கு 1 கோடி 20 இலட்சம் டொலர் இலாபம் கூடியதாம்.

பொருள்களின் எண்ணிக்கையையும் குறைக்கவேண்டுமா என்று வினவுவோர் உளர். ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் இருவரும் 2000 இல் வெளியிட்ட பழப்பாகு ஆராய்ச்சியை இதற்குச் சான்றாகக் காட்டுவர். கலிபோர்னியாக் கடையொன்றில் 24 வகை வைத்தபோது நின்று பார்த்தோருள் 3 சதவீதத்தினரும், 6 வகை வைத்தபோது 30 சதவீதத்தினரும் வாங்கினர். ஆயின் இத்தகைய ஆராய்ச்சிகள் ஐம்பதை ஒருங்கு வைத்து 2010 இல் நோக்கியோர், சராசரி விளைவு ஏறக்குறையப் பூச்சியமே என்றனர். ஆகவே, வகையைக் குறைத்தால் விற்பனை கூடும் என விதிபோற் கூற நாம் உடன்படோம். வகைகள் பலவாயினும் அவற்றை ஒழுங்குபடுத்தி வைத்தலே கேட்பது.

எளிமையின் பெயரால் நிகழும் ஏமாற்று ஒன்றையும் மாணவர் அறிதல் வேண்டும். புகும் வாயிலை அகலமாகவும் வெளியேறும் வாயிலைச் சிக்கலாகவும் வைப்பது அது. அமேசன் நிறுவனத்தின் 'பிரைம்' சந்தாவிலே மக்களைத் தம் விருப்பமின்றிச் சேர்த்ததாகவும், விலகும் வழியைக் கடினமாக்கியதாகவும் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு 2023 இல் வழக்குத் தொடுத்தது. அவ்விலகும் வழிக்கு அந்நிறுவனத்தார் தமக்குள் இட்டிருந்த பெயர் 'இலியட்' என்பது. நெடும் போரைப் பாடும் கிரேக்கக் காவியத்தின் பெயர்! 2025 செப்டெம்பரில், குற்றத்தை ஏற்காமலே, 250 கோடி டொலர் கொடுக்க அந்நிறுவனம் இணங்கிற்று. அனுப்பும் கூலியைக் கடைசிப் பக்கம்வரை ஒளித்துவைக்கும் சிறு கடையும் இவ்வினத்ததே.

தம் சேமிப்பு முழுவதையும் இட்டு இணையக் கடை தொடங்கிய பழைய மாணவர் ஒருவர், ஏழு மாதமாகியும் விற்பனை இல்லையென நம்மிடம் வந்து வருந்தினார். பக்கத்தை நாம் குறை கூறினோமில்லை. கைத்தொலைபேசியை அவருடைய தாயாரிடம் கொடுத்து, ஒரு பனங்கட்டிக் குட்டான் வாங்கும்படி கேட்டு, இருவரும் வாய்பேசாது அருகில் இருந்தோம். அம்மையார் குடும்பத்தின் படத்தைப் பார்த்தார். கடையின் வரலாற்றைப் படித்தார். பனையின் பெருமையையும் படித்தார். பின்னர் விரல் நின்றுவிட்டது. "தம்பி, விலை எங்கே கிடக்கு?" என்றார். மகன் விடை கூறாது தொலைபேசியை வாங்கிக்கொண்டு எழுந்தார். அன்றிரவே விலையும் கூலியும் படத்துக்குக் கீழே முதல் வரியில் ஏறின. வரலாறு வேறு பக்கத்துக்குப் போயிற்று. விற்பனை எவ்வாறு என்பதை அடுத்த ஒன்றுகூடலின்போது அவரே வந்து கூறுவதாகச் சொல்லியிருக்கின்றார்.