ஆயாவின் கை மெஷின் மறுபடி தைக்குமா?

கேள்வி: மரக்காணத்தில் உப்பளத்துக்குப் பக்கத்து வீடு. ஆயா வைத்திருந்த சிங்கர் கை மெஷின் பரணில் கிடக்கிறது. சக்கரம் அசையவே இல்லை. காயலான் கடைக்குப் போட்டுவிடலாமா?

பதில்: அவசரம் வேண்டாம். பெரும்பாலும் இறுகியிருப்பது இரும்பு அல்ல, எண்ணெய். அந்தக் காலத்து வீடுகளில் மெஷினுக்கும் தேங்காய் எண்ணெய்தான். நாளானால் அது பிசினாகிவிடும். அதோடு உப்பளக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. உப்பு ஈரத்தை இழுத்துத் துருவை விரைவுபடுத்தும்.

சக்கரத்தை வலுக்கட்டாயமாகத் திருப்பக் கூடாது. எண்ணெய்த் துளைகளிலும் அடிப்பக்க மூட்டுகளிலும் மண்ணெண்ணெய் சில சொட்டு விட்டு, ஓரிரவு விட்டு, மெல்ல முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். இளகும்வரை திரும்பச் செய்யலாம். பிறகு அழுக்கைத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் மட்டும் விட வேண்டும். துணியை நகர்த்தும் பல்லுக்கு அடியில் நூல்தூசி கெட்டித்துப் போயிருக்கும். அதையும் சுரண்டி எடுக்க வேண்டும். பொன்னிறப் பூவேலையில் ஸ்பிரிட் பட்டால் மேல்பூச்சு கரைந்துவிடும், உப்புத்தாள் பட்டால் பூவே போய்விடும்.

சக்கரம் சுற்றியும் ஊசி இறங்கவில்லையா? சக்கரத்தின் நடுத்திருகு தளர்ந்திருக்கும். பாபினில் நூல் சுற்றத் தளர்த்தியவர் இறுக்க மறந்திருப்பார், அவ்வளவுதான்!

காயலான் கடைக்குப் போடாமலிருக்க வேறு காரணமும் உண்டு: இயந்திரங்களைச் சாடிய காந்தியே சிங்கர் மெஷினுக்கு விலக்குத் தந்தார். இத்தகைய மெஷின்கள் ஏராளமாகச் செய்யப்பட்ட ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலை 1980-இல் மூடப்பட்டது. உடம்பில் பொறித்த வரிசை எண்ணை வைத்து ஆயாவின் மெஷின் பிறந்த ஆண்டைக் கண்டுபிடிக்கலாம். முதலில் அந்த எண்ணைக் குறித்துவையுங்கள்.