தேடி வருபவர் கண்ணில் படுங்கள்
புதிய மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சில அறிவுரைகள்

ஆங்கிலம்–தமிழ் மொழிபெயர்ப்பை நம்பி, வீட்டிலிருந்தே பிழைக்கலாம் என்று இறங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு இது. லிங்க்ட்இன்னிலும், மொழிபெயர்ப்பாளர்களுக்கான ப்ரோஸ் தளத்திலும் கணக்குத் திறந்துவிட்டு, "ஒரு வேலையும் வரலையே அண்ணா" என்கிறீர்கள். தளம் வேலை தராது. கையில் வேலையை வைத்துக்கொண்டு ஆள் தேடுகிற ஒருவர், உங்களை நம்பலாமா என்று பார்க்கும் இடம் அது. அவருக்கு அந்த முடிவைச் சுலபமாக்கிக் கொடுங்கள்.

1. தேடுகிறவர் யாரென்று தெரிந்துகொள்ளுங்கள்.
பெரிய கம்பெனிகள் நேரே உங்களிடம் வருவது அபூர்வம். வருவது பெரும்பாலும் மொழிபெயர்ப்பு ஏஜென்சியின் ப்ராஜெக்ட் மேனேஜர். ஒரே ஃபைல் பத்து மொழிக்குப் போக வேண்டும். நாளை மறுநாள் கெடு. வழக்கமாகச் செய்கிற தமிழ் ஆள் ஊரில் இல்லை. அந்த மேனேஜருக்குத் தமிழ் தெரிந்திருக்காது. உங்கள் நடையழகை அவரால் எடைபோட முடியாது. மொழி, துறை, பயன்படுத்தும் மொழிபெயர்ப்பு மென்பொருள், சொன்ன நேரத்தில் தருவீர்களா என்பது: இவ்வளவுதான் பார்ப்பார்.

2. ஹெட்லைனில் தொழிலை எழுதுங்கள், கனவை அல்ல.
"மொழிகளின் காதலன்" என்று போட்டால் யார் தேடலிலும் வரமாட்டீர்கள். "ஆங்கிலம்–தமிழ் மொழிபெயர்ப்பாளர் | மருத்துவ ஆய்வு ஒப்புதல் படிவங்கள் | மெமோக்யூ, ட்ராடோஸ்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதுங்கள். லிங்க்ட்இன் 220 எழுத்துகள் தருகிறது; ஆனால் தேடல் பட்டியலில், அதிலும் போனில், முன்பகுதிதான் தெரியும். அதனால் மொழி முதலில் வரட்டும். துறை இரண்டு போதும். சட்டம், மருத்துவம், விளம்பரம், விளையாட்டு எல்லாம் செய்வேன் என்பவரிடம் யாரும் மருத்துவத்தைத் தரமாட்டார்கள். கீழே 'அபவுட்' பகுதியிலும் முதல் இரண்டு மூன்று வரிதான் திறக்காமலே தெரியும். ஒரு நாளில் எத்தனை சொல் முடிப்பீர்கள் என்பதை அங்கேயே சொல்லுங்கள். திருத்திப் பார்ப்பதையும் சேர்த்து 2,000 சொல் என்றால் நம்புவார்கள். 8,000 என்றால் எந்திரத்தில் போட்டு எடுக்கிறீர்கள் என்று நினைப்பார்கள்.

3. காட்டக்கூடியதை மட்டும் காட்டுங்கள்.
ஏஜென்சி தந்த ஃபைலில் ஒரு பக்கத்தைக்கூட மாதிரியாகப் போடாதீர்கள். ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். கிளையன்டின் பெயரைச் சொல்லாதிருப்பதும் அதில் அடக்கம். அனுபவமே இல்லாதவர்கள் தமிழ் விக்கிப்பீடியாவுக்குப் போங்கள். உங்கள் துறையில் நாலு கட்டுரையை ஆங்கிலத்திலிருந்து ஒழுங்காகக் கொண்டுவாருங்கள். யார், எப்போது, எதை எழுதினார் என்பது அங்கே பதிவாகி நிற்கும். அதில் ஒரு பக்கத்தை, இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் தமிழ் என்று அடுக்கி, லிங்க்ட்இன்னின் 'ஃபீச்சர்ட்' பகுதியில் வையுங்கள்.

4. பக்கத்து மொழிக்காரரோடு பழகுங்கள்.
பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். இந்திய மொழி வேலைகள் கூட்டமாகத்தான் வரும்: தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், மராத்தி. தமிழுக்கு ஆள் கிடைக்காத மேனேஜர் முதலில் என்ன செய்வார்? தன்னிடம் நன்றாக வேலை செய்யும் தெலுங்கு மொழிபெயர்ப்பாளரிடம், "தமிழுக்கு யாராவது தெரியுமா?" என்று கேட்பார். அந்தத் தெலுங்குக்காரர் உங்களுக்குப் போட்டியே இல்லை. உங்கள் பெயரைச் சொல்வதில் அவருக்கு நஷ்டமும் இல்லை. நெருங்கிய நண்பர்களைவிட லேசாகப் பழகியவர்கள் மூலமே புதிய வாய்ப்புகள் வருகின்றன என்பதைச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இலேயே எழுதினார். லிங்க்ட்இன்னில் 2 கோடிக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2022இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. வேலை மாறுவதற்கு மிக நெருக்கமான உறவைவிட ஓரளவு தளர்ந்த உறவே கூடுதலாக உதவுகிறது என்றுதான் அதுவும் சொல்கிறது.

5. லிங்க்ட்இன் அழைப்போடு இரண்டு வரி எழுதுங்கள்.
"ஏதாவது வேலை இருந்தா குடுங்க சார்" வேண்டாம். இப்படி எழுதலாம்: "வணக்கம். நீங்கள் தெலுங்கில் மருத்துவ ஆய்வுப் படிவங்கள் செய்வதைப் பார்த்தேன். தமிழில் நானும் அதே துறை. தெலுங்குக்கு ஆள் கேட்டால் உங்களைச் சொல்வேன்." இலவசக் கணக்கில் இப்படிக் குறிப்போடு போகும் அழைப்புகளுக்கு மாத வரம்பு உண்டு. ஆளைப் பார்த்துச் செலவிடுங்கள்.

6. விசாரணை வந்தால் உடனே, முழுசாகப் பதில் சொல்லுங்கள்.
அந்த மேனேஜர் நாலு பேருக்கு ஒரே சமயத்தில் எழுதியிருப்பார். "ஆர்வமாக இருக்கிறேன்" என்பது பதில் ஆகாது. "ஃபைல் பார்த்தேன், 3,400 சொல். புதன் மாலை 6 மணிக்கு, இந்திய நேரப்படி, தரமுடியும். புதிதாகச் செய்வதா, எந்திர மொழிபெயர்ப்பைத் திருத்துவதா? சொல்லுக்கு என்ன விலை? பணம் எத்தனை நாளில்?" இதுதான் பதில். முடியாதென்றால் அதையும் உடனே சொல்லிவிட்டு, முடிகிற ஒருவர் பெயரைக் கொடுங்கள். மறக்கமாட்டார்.

7. ஆசை காட்டுபவரைச் சோதியுங்கள்.
முன்பணம், பதிவுக் கட்டணம் கேட்டால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். கம்பெனி பெயர் பெரிதாக இருந்து, கடிதம் ஜிமெயிலிலிருந்து வந்தால் சந்தேகப்படுங்கள். பேசியதைவிடக் கூடுதலாக செக் அனுப்பி, மீதியைத் திருப்பிக் கேட்பது பழைய ஏமாற்று. இலவச டெஸ்ட் 200, 300 சொல்வரை சரி. 2,000 சொல் என்றால் அது டெஸ்ட் இல்லை, ஓசி வேலை. ப்ரோஸின் ப்ளூ போர்டில் ஏஜென்சிகளைப் பற்றி, மறுபடி இவர்களோடு வேலை செய்வீர்களா என்று கேட்டு 5க்கு எத்தனை என மொழிபெயர்ப்பாளர்கள் மதிப்பெண் போட்டிருப்பார்கள். சரி என்று சொல்லும் முன் அதைப் பாருங்கள்.

8. பணத்துக்குக் காகிதம் வேண்டும்.
பர்ச்சேஸ் ஆர்டர் (பி.ஓ.) வராமல் வேலையைத் தொடங்காதீர்கள். அரசின் உத்யம் தளத்தில் பதிந்துகொள்ளுங்கள், கட்டணம் கிடையாது. 2006ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு தொழில் செய்பவருக்கு இந்தியக் கம்பெனி அதிகபட்சம் 45 நாளில் பணம் தந்தாக வேண்டும், தவறினால் வட்டி. வெளிநாட்டு ஏஜென்சியிடம் இது செல்லாது. அங்கே ப்ளூ போர்டும் சக மொழிபெயர்ப்பாளர் வாய்மொழியும்தான் காப்பு.

9. முடித்த கையோடு இரண்டு வரி கேட்டு வாங்குங்கள்.
பணம் வந்து மேனேஜர் நன்றி சொன்ன அன்றே ரெக்கமென்டேஷன் கேளுங்கள். ஆறு மாதம் கழித்தால் அவருக்கு உங்கள் முகமே நினைவிருக்காது. "நல்ல மொழிபெயர்ப்பாளர்" என்று மொட்டையாக எழுதினால், எந்த மாதிரி வேலை, கெடுவுக்குள் வந்ததா என்று சேர்த்து எழுதித் தரும்படி பணிவாகக் கேட்கலாம். லிங்க்ட்இன்னில் அதற்கு வசதி இருக்கிறது. அடுத்துத் தமிழ் ஆளைத் தேடி வரும் மேனேஜர், நீங்கள் உங்களைப் பற்றி எழுதியதைவிட இதைத்தான் நம்புவார்.