பெயரில் வந்த பிழை: தொடையின் நாளங்கள்

சென்ற மாதம் கோயில் மண்டபத்தில் அன்னதானம் முடிந்தபின் அண்ணர் ஒருவர் என்னிடம் ஒரு டொச் அறிக்கையை நீட்டினார். கணக்காளன் என்றபடியால் வரிக் கடிதம் முதல் வைத்தியக் கடிதம் வரை எல்லாம் என்னிடம் வரும். அவர் இங்கே ஸ்ருட்கார்ட்டில் உணவகச் சமையலறையில் நாள் முழுக்க நின்று வேலை செய்பவர். இடது கால் வீங்கியதால் சோதித்து, தொடை நாளத்தில் இரத்தம் உறைந்திருப்பதைக் கண்டிருந்தார்கள்.

"சுப்பர்பிசியாலிஸ் எண்டு போட்டிருக்கு. மேலாலதானே தம்பி? மருந்தை நிப்பாட்டினால் என்ன?" என்றார்.

இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டு செல்வது நாடி, திருப்பிக் கொண்டு வருவது நாளம் என்று ஊரில் படித்தோம். (தமிழ்நாட்டு நூல்களில் தமனி, சிரை.) தொடையில் நாளங்கள் இரண்டு தட்டாக உள்ளன. தோலுக்குச் சற்றுக் கீழே, பாதத்திலிருந்து உட்தொடை வழியாக ஏறுவது ஒன்று. இதய பைபாஸ் சத்திரசிகிச்சைக்குப் பெரும்பாலும் எடுப்பது இதைத்தான். எடுத்தாலும் கால் சமாளிக்கும். ஏனெனில் காலின் இரத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு, தசைகளுக்கு நடுவே நாடியை ஒட்டிச் செல்லும் ஆழமான நாளங்களால் ஏறுகிறது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை அதைப் பிழிந்து மேலே தள்ளும். ஒருவழி வால்வுகள் கீழே இறங்க விடா. கொழும்புக்கு விமானத்தில் அசையாமல் இருந்து போகையில் இந்தப் பிழிதல் குறைந்துவிடும்.

பிழை பெயரில்தான். ஆழமான தொடை நாளத்துக்கு, அதைவிட ஆழத்தில் ஓடும் கிளையிலிருந்து பிரித்துக் காட்டுவதற்காக, 'மேற்புறத் தொடை நாளம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கடனை வரவில் பதிந்த கணக்குப் போல! வைத்தியர்களே ஏமாந்தார்கள். 1995இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்த ஆய்வில், இந்த நாளத்தில் உறைவு ஏற்பட்டால் இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து கொடுப்போம் என்றவர்கள் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. 2001இல் உரோமில் கூடிய நிபுணர்கள் 'மேற்புற' என்ற சொல்லை நீக்கி, 'தொடை நாளம்' என்றே அழைக்கத் தீர்மானித்தார்கள். ஆனாலும் பழைய பெயர் சில அறிக்கைகளில் இன்னமும் வருகிறது.

இந்த உறைவு கழன்றால் இதயத்தின் வலப்பக்கத்தால் நுரையீரலுக்குப் போய் அடைக்கும், உயிர் போகலாம். ஒரு கால் மட்டும் வீங்கி, நொந்து, சூடாக இருந்தால் அன்றே வைத்தியரிடம் போங்கள். திடீரென மூச்சு முட்டினாலோ நெஞ்சு நொந்தாலோ 112ஐ அழையுங்கள்.

அண்ணர் திங்கட்கிழமை வைத்தியரைக் கேட்டார். மருந்து தொடர்கிறது.