கிள்ளையில் வீடு வரையும் தம்பிக்கு



நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். ஊருக்கு வெளியே கைவிட்டுப்போன இறால் பண்ணையில் ஏழைக் குடும்பங்களுக்கு அடுக்குமாடி. முகப்பு அழகாக வந்திருக்கிறது. ஓரத்தில் சதுர அடிக்கு இவ்வளவு என்று கணக்கும் போட்டிருக்கிறாய். அது சாவி கொடுக்கிற நாள்வரைக்குமான கணக்கு. குடியேறுகிற குடும்பம் அதற்கப்புறம் மாசாமாசம் கையிலிருந்து என்ன போடப்போகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் வீடு மலிவா இல்லையா என்று தெரியும்.

முதலில் அந்த இடம். தொண்ணூறுகளில் இந்தக் கரையோரமெல்லாம் இறால் வளர்க்கக் குட்டை வெட்டினார்கள். இறாலுக்கு வெண்புள்ளி நோய் வந்தது, 1996 டிசம்பரில் கரையோர இறால் பண்ணைகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்தது, பலர் விட்டுவிட்டுப் போனார்கள். மிச்சம் இருப்பது உப்பேறிய களிமண். ஓதம் ஏறி இறங்கும் வாய்க்கால் பக்கத்தில் இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி அங்கேயும் செல்லும். கடல் தூரத்தில் இருக்கிறதே என்று இருந்துவிடாதே. சர்வே எண்ணை வைத்து வரைபடத்தில் பார்த்துவிட்டு மேலே போ.

உன் இரண்டாவது பிளாக் பாதி பழைய கரைமேலும் பாதி மண் கொட்டி மூடிய குட்டைமேலும் உட்கார்ந்திருக்கிறது. கரைப்பக்கம் நிற்கும், குட்டைப்பக்கம் இறங்கும், நடுவில் சுவர் பிளக்கும். மொத்த மனையையும் நாலடி மேடாக்கிவிடலாம் என்று காண்ட்ராக்டர் சொல்வார். மேடாக்கினால் மழைத்தண்ணீர் பக்கத்துத் தெருவுக்குத்தான் போகும். 2015 நவம்பர் மழையைப் பார்த்த கடலூர் மாவட்டம் இது. அந்தத் தெருக்காரர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். இரண்டு குட்டையைக் குட்டையாகவே விட்டுவிடு. மழைத்தண்ணீர் அங்கே நிற்கட்டும், வடிகால் அங்கிருந்து போகட்டும். கெட்டி மண்ணில் மட்டும் கட்டடத்தை நெருக்கிப் போடு. வீடு நாலைந்து குறைந்தால் குறையட்டும்.

இனி கம்பி. கடற்காற்று படுகிற கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 தரவிதி கேட்பது எம்30 தரம், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கவர். கலக்குகிற தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. கிள்ளையில் போர் போட்டு வருகிற தண்ணீரைச் சோதிக்காமல் மிக்சரில் ஊற்றினால், துருவை நாமே விலைக்கு வாங்கி உள்ளே வைத்த மாதிரி. கான்கிரீட் போடுகிற அன்று நேரில் போய் நில். கவர் பிளாக்குக்குப் பதில் உடைந்த ஜல்லியை வைத்துக் கம்பியைத் தூக்கிவிடுவார்கள். சென்ட்ரிங் பிரித்தபின் அது யார் கண்ணுக்கும் தெரியாது. சில வருஷம் போனதும் கம்பி உப்பிக் கூரை பெயர்ந்து விழும். சுனாமிக்குப் பின் கட்டிய வீடுகள் பலவற்றில் அதுதான் நடந்தது. அந்த ரிப்பேருக்குத் திட்டத்தில் பெரும்பாலும் பணம் ஒதுக்கியிருக்காது. 2021இல் சென்னை புளியந்தோப்பு கேசவப்பிள்ளை பூங்கா குடியிருப்பில், ஆள் குடியேறிய சூட்டிலேயே, கைபட்டால் பூச்சு உதிர்ந்ததை ஊரே டிவியில் பார்த்தது. அதற்குக் கடற்காற்றுகூடத் தேவைப்படவில்லை.

அளவைப் பற்றி ஒன்று. சுனாமி வீட்டுக்கு அரசு சொன்னது 300 முதல் 325 சதுர அடி. 2015இல் வந்த பிரதமரின் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தில் 30 சதுர மீட்டர், அதுவும் ஏறக்குறைய அதே அளவுதான். 2024இல் வந்த கலைஞர் கனவு இல்லம் 360 சதுர அடி. இருபது வருஷத்தில் ஏழையின் வீடு ஒரு ஆள் படுக்கிற இடம் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. இதை நீயும் நானும் மாற்றிவிட முடியாது. வீட்டுக்கு வெளியே என்ன தருகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

கடலுக்கும் கழிமுகத்துக்கும் நடுவில் எம்.ஜி.ஆர். திட்டில் வாழ்ந்து, 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் உள்ளே வந்த மீனவர்களின் ஊர் இது. பிச்சாவரம் வாய்க்கால்களில் கையால் துழாவி இறாலும் நண்டும் பிடிக்கிற இருளர் குடும்பங்களின் ஊரும் இதுதான். உன் படத்தில் தரைத்தளம் முழுக்க பைக் நிறுத்தக் கோடு போட்டிருக்கிறாய். வலையை எங்கே காயவைப்பார்கள்? படகு எஞ்சினை யார் மூன்றாவது மாடிக்குத் தூக்குவது? மீன் கழுவுகிற தண்ணீர் எங்கே போகும்? தரைத்தளத்தில் பாதியைத் திறந்தே விடு. கம்பிக்கதவு போட்டுப் பூட்டுகிற அறை வீட்டுக்கு ஒன்று, சின்னதாக இருந்தாலும் போதும். ஒரு ஓரமாகக் கழுவுகிற மேடை, அதற்குத் தனிச் சாக்கடை. வெள்ளம் வந்தாலும் அங்கே ஆள் யாரும் படுத்திருக்கமாட்டார்கள்.

லிஃப்ட் வேண்டாம். சென்னைப் பெரும்பாக்கம் குடியிருப்பு மாதிரி உயரக் கட்டிவிட்டு, லிஃப்ட் நின்றால் தண்ணீர்க் குடத்தோடு படியேறுகிற கஷ்டம் இங்கே எதற்கு? தரைக்குமேல் மூன்று மாடியோடு நிறுத்து. முதல் மாடி வயசானவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் என்று ஒதுக்கீட்டு விதியிலேயே எழுதச் சொல். மோட்டார் கரண்ட் பில், செப்டிக் டேங்க் லாரிக்காரர், டேங்க் கழுவுகிற ஆள் எல்லாவற்றையும் கூட்டி வீட்டுக்கு மாதம் எவ்வளவு வரும் என்று ஒரு தாளில் எழுதி, குடியேறப்போகிற பெண்களிடம் காட்டு. முடியாது என்று அவர்கள் சொன்னால் மாற்ற வேண்டியது படத்தைத்தான்.

மண் பரிசோதனையும் தண்ணீர்ப் பரிசோதனையும் முடிந்ததும் தரைத்தளத்தை மட்டும் திரும்ப வரைந்து அனுப்பு. முகப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உன் அண்ணன்