நாடற்றவருக்கு மனு எழுதிக் கொடுத்தல்



எருசலேமில் அர்ச். சின்னப்பரைக் கசையால் அடிக்கக் கட்டினார்கள். உரோமைப் பிரஜையை விசாரணையின்றி அடிப்பது சட்டமா என்று அவர் கேட்டார். அடிக்க வந்தவர்கள் உடனே விலகிப் போனார்கள். படைத்தலைவன் தான் பெரும் பணம் கொடுத்து அந்தப் பிரஜாவுரிமையை வாங்கியதாகச் சொன்னான். சின்னப்பரோ தமக்கு அது பிறப்பிலேயே உள்ளது என்றார். அப்போஸ்தலர் நடபடியில் நாம் பலமுறை கேட்டிருக்கும் வரலாறுதான். அந்தக் கேள்வியைக் கேட்க முடியாத ஒருவன் அந்த இடத்தில் கட்டப்பட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று மட்டும் நாம் யோசிப்பதில்லை.

எந்த நாட்டின் பிரஜையும் அல்லாதவரை நாடற்றவர் என்கிறோம். அவர்கள் எங்கோ தூரதேசத்தில் இருப்பதாக நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட இலங்கைத் தமிழர் வாழ்கிறார்கள். நமது கடலூர் மாவட்டத்தில் குறிஞ்சிப்பாடியிலும் முகாம் உண்டு. 2021-ல் தமிழக சர்க்கார் “அகதிகள் முகாம்” என்ற பெயரை மாற்றி “இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்” என்று வைத்தது. பெயர் நல்ல பெயர்தான். உள்ளே இருப்பவரின் பிரஜாவுரிமைக் கேள்வி பழையபடியே இருக்கிறது.

இவர்களில் பல்லாயிரம் பேர் மலையகத் தமிழர். நூறு, நூற்றைம்பது வருஷங்களுக்கு முன் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, நமது பழைய தென்னாற்காடு ஜில்லா ஆகிய இடங்களிலிருந்து கங்காணிகள் கூட்டிச் சென்ற கூலிக் குடும்பங்களின் வழிவந்தவர்கள். அந்நியர் என்று எப்படிச் சொல்வது? இலங்கை சுதந்திரமடைந்த 1948-லேயே, அவ்வருஷத்துப் பிரஜாவுரிமைச் சட்டம் ஏறக்குறைய 7 லட்சம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கிவிட்டது. 1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் சிறிமாவோ அம்மையாரும் செய்த ஒப்பந்தத்தில் 9,75,000 பேர் கணக்கிடப்பட்டார்கள். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974-ல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஆட்டு மந்தையைப் பங்கிடுவதுபோல என்று அக்காலத்தில் வருந்தியவர்கள் உண்டு; அந்த வருத்தம் நியாயமே.

கணக்கு காகிதத்தில் முடிந்தது. மனிதர்களுக்கு முடியவில்லை. இந்தியக் கடவுச்சீட்டு கையிலிருந்தும் பயணப்படாதவர்கள் இருந்தார்கள். மனுப் போட்டுப் பதில் வராதவர்களும் இருந்தார்கள். 1983 கலவரத்துக்குப் பின், 1984-ல் தலைமன்னார் கப்பலும் நின்றுபோயிற்று. பிறகு உயிர் பிழைக்கத் தோணியேறி வந்தவர்களிடம் பிரயாணச் சீட்டு ஏது? செல்லத்தக்க பத்திரமின்றி எல்லை கடந்து வந்தவரை நமது பிரஜாவுரிமைச் சட்டம் “சட்டவிரோதமாகக் குடியேறியவர்” என்கிறது. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால், பதிவு செய்தோ பல வருஷ வாசத்தைக் காட்டியோ பிரஜாவுரிமை கேட்கும் வழிகள் அடைபட்டுப் போகின்றன. 2025 செப்டம்பரில் மத்திய சர்க்கார் இறக்கிய ஓர் உத்தரவு, 9-1-2015 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரைக் கடவுச்சீட்டு இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து விலக்கியது. பயம் குறைந்தது மெய். பிரஜாவுரிமை அதனால் வரவில்லை.

இதற்கெல்லாம் வக்கீல்களும் நீதிபதிகளும் அல்லவா வேண்டும், எங்களால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். ஒரு வழக்கைச் சொல்லுகிறேன். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் கடவுச்சீட்டுக் கேட்டார், மறுக்கப்பட்டது. சட்டமோ, 26-1-1950 முதல் 30-6-1987 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், பிறப்பாலேயே இந்தியப் பிரஜை என்கிறது. 2022 ஆகஸ்டில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவருக்குக் கடவுச்சீட்டுக் கொடுக்க உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் முதன்முறையாக வாக்களித்தார். அந்த வழக்கு நின்றது எதன்மேல்? ஒரு ஜனன அத்தாட்சியின்மேல். முப்பத்தைந்து வருஷம் அந்தக் காகிதம் கறையானுக்கும் மழைக்கும் தப்பியிருந்தது. தொலைந்துபோயிருந்தால் எந்த வக்கீலுக்கும் வாதம் கடினமாயிருக்கும்.

2019-ல் அதே மதுரைக் கிளையில் 65 பேர் வழக்கு நடத்தினார்கள். இந்திய வம்சாவளியினரான அவர்கள் மனுச் செய்யலாம், சர்க்கார் அதை ஆலோசித்து முடிவு சொல்ல வேண்டும் என்று ஜூன் மாதம் தீர்ப்பாயிற்று. நீதிமன்றம் பிரஜாவுரிமையை எடுத்துக் கையில் கொடுத்துவிடவில்லை. மனுவைப் படித்துப் பார்க்கச் சொல்லிற்று. ஆகவே மனுவை ஒருவர் ஒழுங்காக எழுத வேண்டியிருக்கிறது. நமது வேலை அங்கேதான் இருக்கிறது.

இலங்கையில் இது நடந்தும் காட்டப்பட்டது. 2003-ல் மலையகத் தமிழருக்குப் பிரஜாவுரிமை தரும் சட்டம் அங்கே நிறைவேறியதும், ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஸ்தாபனமும் தொழிற்சங்கத்தாரும் தொண்டர்களும் தோட்டங்களுக்கே சென்று உட்கார்ந்து விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்தார்கள். பத்து நாளில் ஏறக்குறைய 1,90,000 பேர் பிரஜைகளானார்கள். நமது பக்கத்தில் சந்திரகாசன் 1984-ல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், அகதிகளைக் கொண்டே அகதிகளுக்கு இந்தப் பத்திர வேலையைச் செய்து வந்திருக்கிறது.

இனி, வழக்கம்போல் சில வினா விடை.

வினா: தொண்டர் முதலில் கேட்க வேண்டியது என்ன?

விடை: “நீங்கள் எந்த நாட்டில் வாழ விரும்புகிறீர்கள்?” என்பதே. 2009-ல் இலங்கை தன் சட்டத்தைத் திருத்தி, இந்தியாவுக்கு ஓடிவந்த மலையகத் தமிழரும் அந்நாட்டுப் பிரஜாவுரிமை பெற வழி செய்தது. திரும்பிப்போக விரும்புகிறவருக்கு ஒரு வழி, இங்கேயே இருக்க விரும்புகிறவருக்கு வேறு வழி. நமது விருப்பத்தை அவர்மேல் ஏற்றலாகாது. விவரமறியாமல் ஒரு பாரத்தில் “இலங்கைப் பிரஜை” என்று நாம் எழுதிவிட்டால், அந்த ஒரு சொல்லே பின்னால் அவருடைய இந்திய உரிமைக்கு எதிராகக் காட்டப்படலாம். நல்லெண்ணத்தோடு செய்த பிழையும் பிழைதான்.

வினா: எந்தப் பத்திரங்களைத் தேட வேண்டும்?

விடை: ஜனன அத்தாட்சி, பெற்றோரின் திருமண அத்தாட்சி, முகாம் பதிவு அட்டை, பள்ளிச் சான்றிதழ், இலங்கையில் மனுப் போட்ட பழைய ரசீது, பாட்டனாரின் கிராமத்துப் பெயர் காணும் எந்தத் துண்டுக் காகிதமும். கத்தோலிக்கராயின் ஞானஸ்நானப் பதிவேட்டையும் பார்க்க வேண்டும். தகப்பன் தாய் பெயரும் தேதியும் அதில் இருக்கும். ஒரே பெயர் ஆங்கில எழுத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். அதை அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

வினா: இன்று முகாமில் குழந்தை பிறந்தால்?

விடை: 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஜனனத்தைப் பதிய பிரஜையாயிருக்க வேண்டியதில்லை. ஒரு வருஷம் கடந்துவிட்டால் மாஜிஸ்திரேட் உத்தரவு வரை அலைய நேரும். பதிவு மட்டுமே பிரஜாவுரிமை ஆகாது. 1987-க்கும் 2004-க்கும் பின் சட்டம் இருமுறை இறுகிவிட்டது. என்றாலும் பதிவில்லாத குழந்தைக்கு எந்த நாட்டின் வாசலையும் தட்டுவது கடினம்.

அசல் பத்திரத்தை ஒருபோதும் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. நகல் எடுத்துக்கொண்டு அப்போதே திருப்பிக் கொடுங்கள். விருத்தாசலத்தில் பீங்கான் சாமான்களை வைக்கோலில் பொதிந்து அனுப்புவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பக்குவம் இதற்கும் வேண்டும். கொடுத்த மனுவுக்குத் தேதியிட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அவர்கள் சொன்னதை வெளியில் பேசாதீர்கள், படம் பிடிக்காதீர்கள். “கிடைத்துவிடும்” என்று வாக்களிக்காதீர்கள். நாற்பது வருஷமாக அந்த வாக்கைக் கேட்டவர்கள் அவர்கள். கூப்பிடும்போது அக்கா, ஐயா, தம்பி என்றே கூப்பிடுங்கள்.

1952-ல் பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பானவர், எஜிப்துக்கு ஓடிய திருக்குடும்பத்தை அகதிகள் அனைவருக்கும் மாதிரியாக நிறுத்தி ஒரு சாசனம் வெளியிட்டார். அர்ச். சூசையப்பர் பாலசேசுவையும் தேவமாதாவையும் அழைத்துக்கொண்டு இரவோடிரவாகப் புறப்பட்டபோது எந்தப் பத்திரத்தை எடுத்திருக்க முடியும்?

மறுபடியும் சின்னப்பரிடம் வருவோம். அவரைக் கொல்லும்வரை உண்பதில்லை என்று நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் சபதம் செய்தார்கள். அதைக் கேள்விப்பட்டு வந்து, படைத்தலைவனிடம் விவரமாகச் சொன்னவன் சின்னப்பருடைய சகோதரியின் மகன், ஒரு வாலிபன். அவன் பெயர்கூட எழுதப்படவில்லை. வக்கீலும் அல்ல. கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல், சொல்ல வேண்டியவரிடம், நேரத்தோடு சொன்னான். அன்றிரவே குதிரைப்படை காவலோடு சின்னப்பர் செசாரேயாவுக்கு அனுப்பப்பட்டார்; பின்னர் சீசரிடம் முறையிட்டு உரோமை போனார்.

நம்மால் தீராத விஷயத்தை வக்கீலிடம் சேர்ப்பதும் தொண்டே. 1987-ம் வருஷத்துச் சட்டப் பணிகள் சட்டப்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு. பிரஜையாயிருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. நமக்குக் கிட்டத்தில் விருத்தாசலம் நீதிமன்றத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது. சட்டத் தன்னார்வலராகச் சேர விரும்பும் இளைஞர்களும் அங்கேயே விசாரிக்கலாம். தொலைபேசியில் கேட்க விரும்புவோர் 15100 என்ற எண்ணை அழைக்கவும்.