மூலைக் காணியின் அடியும் உயரமும்: சதுரக்கோட்டுத் தாளில் காண்பது எப்படி?

ஊவாவில் பசறைப் பக்கமோ மடுல்சீமைப் பக்கமோ, ஒரு மலையை வீட்டுத் திட்டத்துக்குப் பிரிக்கும்போது எல்லாத் துண்டும் சதுரமாக அமைவதில்லை. ஒரு பக்கம் பாதை வளையும், இன்னொரு பக்கம் கான் ஓடும். ஓரத்தில் முக்கோணியாக ஒரு துண்டு மிஞ்சும். அது கிடைத்த வீட்டாருக்கு ஒரே கேள்விதான்: சொன்ன அளவு, உதாரணமாக 7 பேர்ச், இருக்கிறதா? அதற்கான கணக்கு வீட்டுப் பிள்ளையின் கொப்பியிலேயே இருக்கிறது. அடியைச் செங்குத்துயரத்தால் பெருக்கி இரண்டால் வகுக்க வேண்டும். இந்தச் சூத்திரம் பிள்ளைகளுக்குத் தலைகீழாகத் தெரியும். எந்தக் கோடு அடி, எது உயரம் என்று பிடிப்பதில்தான் தடுமாறுகிறார்கள்.

முதலில் முக்கோணியின் மூன்று பக்கங்களையும் பாருங்கள். தாளின் கோட்டின் மேல் சரியாகப் படுத்திருக்கும் பக்கம் இருந்தால் அதுவே அடி. அது கிடையாக இருந்தாலும் சரி, நிலைக்குத்தாக இருந்தாலும் சரி. அடி கீழேதான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

அ (2, 1), ஆ (9, 1), இ (4, 5) என்று மூன்று புள்ளிகளைக் குறியுங்கள். அஆ கிடைக்கோட்டில் இருக்கிறது. 2 முதல் 9 வரை கோடுகளை எண்ணினால் 8 வரும். எண்ண வேண்டியது இடையிலுள்ள கட்டங்களை, அவை 7. இனி இ என்ற உச்சியிலிருந்து நேரே கீழே இறங்கி அடியைத் தொடும்வரை எண்ணுங்கள்: 4 கட்டம். பரப்பளவு 7 × 4 ÷ 2 = 14 சதுரக் கட்டம். சாய்ந்து வரும் இஆ பக்கத்தை அடிமட்டத்தால் அளந்து உயரமாக எழுதுவது பரீட்சையில் புள்ளி குறைக்கும் பிழை. செங்கோண முக்கோணியைத் தவிர வேறெதிலும் பக்கம் உயரமாகாது.

விரிகோண முக்கோணியில் உயரம் வெளியே விழவும் கூடும். அ (2, 1), ஆ (6, 1), இ (9, 6) என்றால் அடி 4 கட்டம். இ-யிலிருந்து இறங்கும் கோடு அடியைத் தொடாமல் (9, 1)-இல் போய் நிற்கும். அடிக்கோட்டைப் புள்ளிக்கோடாக அதுவரை நீட்டுங்கள். உயரம் 5, பரப்பளவு 10. நீட்டிய பகுதியையும் சேர்த்து அடியை 7 என்று எடுத்துவிடக் கூடாது. அடி எப்போதும் பழைய 4தான்.

எந்தப் பக்கமும் கோட்டில் படுக்கவில்லையா? முக்கோணியைச் சுற்றி ஒரு செவ்வகம் போடுங்கள். அ (1, 2), ஆ (7, 4), இ (3, 8) என்ற முக்கோணிக்கு 6 × 6 = 36 கட்டச் சதுரம் அமையும். மூலைகளில் மிஞ்சும் மூன்று செங்கோண முக்கோணிகளும் 6, 8, 6 கட்டங்கள். 36-இலிருந்து 20 போக மீதி 16. உயரமும் வேண்டுமென்றால், பைதகரசின் தேற்றத்தின்படி அஆ-வின் நீளம் சுமார் 6.3, 16-இன் இரட்டிப்பான 32-ஐ அதனால் வகுத்தால் ஏறத்தாழ 5.1 வரும்.

இனி காணிக்கு வருவோம். மிக நீண்ட எல்லையை அடியாக எடுத்து அதன் வழியே கயிறு கட்டுங்கள். எதிர் மூலையிலிருந்து அந்தக் கயிற்றுக்கு இன்னொரு கயிறு இழுத்து, இரண்டும் சந்திக்கும் இடத்தில் மேசன்மார் செய்வதுபோல 3, 4, 5 என்ற நீளங்களை வைத்துச் செங்கோணம் சரிபாருங்கள். அந்த இரண்டாவது கயிறுதான் உயரம்.

ஊவா மலைகளில் இங்கேதான் மிகுந்த கவனம் வேண்டும். நில அளவைப் படத்தில் இருப்பது கிடைத்தூரம். சரிவில் டேப்பைத் தரையோடு படுக்கவைத்தால் நீளம் கூடிவிடும். 30 பாகைச் சரிவில் தரையோடு அளந்த 20 மீற்றர், படத்தில் 17.3 மீற்றர்தான். ஆகவே சரிவில் இறங்கும்போது இரண்டு மூன்று மீற்றராகப் பிரித்து அளக்க வேண்டும். டேப்பின் மேல் முனை தரையில் இருக்கட்டும். கீழ் முனையைத் தூக்கி மட்டமாகப் பிடித்து, அங்கிருந்து தூக்குக்குண்டை விடுங்கள். குண்டு தொடும் இடத்திலிருந்து அடுத்த அளவு தொடங்கும். தேயிலை நிரைபோல மலையைக் குறுக்காகச் சுற்றிவரும் எல்லை ஏறக்குறைய மட்டமாக இருப்பதால் அதை நேராகவே அளக்கலாம்.

அளந்ததை, ஒரு கட்டம் 2 மீற்றர் என்று வைத்து, தாளில் வரையுங்கள். அடி 10 கட்டம், உயரம் 9 கட்டம் என்றால் பரப்பளவு 45 கட்டம். ஒரு கட்டத்தின் பரப்பளவு 2 × 2 = 4 சதுர மீற்றர் என்பதை மறந்து 45-ஐ இரண்டால் பெருக்கினால் பாதிக் காணி காணாமல் போகும். சரியான விடை 180 சதுர மீற்றர். ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர் என்பதால் இது 7.1 பேர்ச். அந்த அடி 30 பாகைச் சரிவில் இறங்கும் எல்லையாக இருந்து, 20 மீற்றரைத் தரையோடு அளந்திருந்தால், உண்மையில் இருப்பது சுமார் 6.2 பேர்ச்தான். கிட்டத்தட்ட ஒரு பேர்ச் துண்டு விழுகிறது; ஒரு சமையலறைக்குப் போதுமான இடம்.

அளவு சரியாக வந்தாலும் அந்த இடத்தில் வீடு கட்டலாமா என்பதை இந்தக் கணக்கு சொல்லாது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களையே மண் மூடிய மாகாணம் ஊவா. அத்திவாரம் வெட்டுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவுப் பரிந்துரையைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் கணக்குக்கும் படத்துக்கும் கால் பேர்ச் வித்தியாசம் இருந்தால் டேப்பும் கயிறும் தந்த பிசகாக இருக்கலாம். அரை பேர்ச்சுக்கு மேல் போனால் வரைந்த தாளையும் படத்தின் பிரதியையும் எடுத்துக்கொண்டு நில அளவையாளரிடம் போங்கள். எந்த எல்லையை அடியாக எடுத்தீர்கள் என்பதைத் தாளிலேயே எழுதி வையுங்கள்.